ஜப்பானிய உணவகத்தில் கோதுமை ஆகாதவர்களுக்கு

சோறும் மீனும்தானே, கோதுமை எங்கே வரப்போகிறது என்று நினைத்துத்தான் இங்கே மலேசியாவின் குளுவாங்கில் ஒரு ஜப்பானிய உணவகத்துக்கு அக்கா மகளைக் கூட்டிப்போனேன். அவளுக்குச் சீலியாக் நோய், கோதுமை போன்ற தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாது. அன்று ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள், பாவம்.

காரணம் சோயா சாஸ். ஜப்பானிய சோயா சாஸில் பெரும்பாலும் சோயாவுக்கு ஏறக்குறைய சமமாகக் கோதுமையும் சேர்கிறது. இறைச்சி, மீன் மேல் பூசிச் சுடும் தெரியாக்கி சாஸ், விலாங்கு மீன் மேல் பூசும் இனிப்புச் சாஸ் எல்லாம் அதில் செய்வதுதான். மீன் விழுதில் செய்யும் நண்டுக் குச்சியிலும் கோதுமை மாவு இருக்கலாம். மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா, கோதுமை நூடுல்ஸான உடோன் பக்கம் போகவே வேண்டாம்.

இப்போது கோதுமை சேராத தமாரி என்ற சோயா சாஸை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள், சில தமாரியிலும் கொஞ்சம் கோதுமை உண்டு. அங்கே அவள் சாப்பிடுவது சஷிமி என்ற பச்சை மீன் துண்டுகள், வெறும் சோறு, அப்புறம் உப்பு மட்டும் தடவிச் சுட்ட சால்மன். தோல் மொறுமொறுவென்று, ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டோடு வரும். அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். சுடும் தட்டைக் கழுவிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

குளூட்டன் என்றால் பணியாளருக்குப் புரியாமல் போகலாம். மலாயில் "தா போலே மாக்கான் கண்டும் (gandum), கீச்சாப் பூன் தா போலே", அதாவது கோதுமை சாப்பிடக் கூடாது, சோயா சாஸும் கூடாது என்று சொல்லுங்கள். மதியக் கூட்டத்துக்கு முன்பே, 11.30 வாக்கில் போனால் நின்று கேட்பார்கள்.