எனாமல் அடித்த விமான மாடலுக்கு வெதரிங்: 1/48 கோர்சேர், படிப்படியாக

எனாமல் அடித்த மாடலை, ஓட்டிப் பழகிய நிஜ விமானம்போல் அழுக்காக்குவதுதான் வெதரிங். அதைச் செய்யப் போய் புதியவர்கள் கெடுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அடியில் இருக்கும் எனாமலும் மேலே விடும் ஆயில் வாஷும் (தண்ணீர்போல் நீர்த்த ஆயில் கலர்) ஒயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் கரைபவை. வாஷைத் துடைத்தால் பெயின்டும் பஞ்சோடு வந்துவிடும். நடுவே தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ் ஒரு சுவராக நின்றால் பயமில்லை.

1943இல் சாலமன் தீவுகளில் அமெரிக்க மரைன்கள் ஓட்டிய எஃப்4யு-1 கோர்சேர் போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். வெயில், பவளத் தூசி, எண்ணெய்க் கசிவு எல்லாம் பட்ட விமானம். பழக இது நல்ல மாடல்.

வேண்டியவை: அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பானது), மேட் (பளபளப்பற்றது) வார்னிஷ்கள், பர்ன்ட் அம்பர், கறுப்பு, வெள்ளை ஆயில் கலர், ஓவியர்கள் வாங்கும் ஒயிட் ஸ்பிரிட், மெல்லிய பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, வெள்ளிப் பென்சில், சாஃப்ட் பேஸ்டல். ஹார்டுவேர் கடையில் 'தின்னர்' என்று மட்டும் கேட்காதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரைக் கொடுத்துவிட்டால் அது பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

1. எனாமல் ஒரு நாளில் கையில் ஒட்டாது, ஆனால் உள்ளே இறுக மூன்று நாளாவது ஆகும். மழைக்காலத்தில் ஒரு வாரம் விடுங்கள். முகர்ந்தால் பெயின்ட் வாடை வருகிறதா? இன்னும் காயவில்லை.

2. கிளாஸ் வார்னிஷ் இரண்டு கோட், மெல்லிசாக. டிகால் (விமானச் சின்னங்கள் அச்சான ஒட்டுப்படம்) ஒட்டியபின் இன்னொரு கோட். ஒரு நாள் காயட்டும். பளபளப்பு இங்கே அழகுக்காக அல்ல: சொரசொரப்பான மேட் பரப்பில் வாஷ் பேனல் கோடுகளுக்குள் (தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகள்) ஓடாமல் அங்கேயே ஊறித் திட்டாகிவிடும். வயிற்றுப் பக்கம் ஓர் ஓரத்தில் ஒயிட் ஸ்பிரிட் தொட்ட குச்சியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னொரு கோட் அடியுங்கள்.

3. வாஷ்: அம்பர் இரண்டு பங்கு, கறுப்பு ஒரு பங்கு. இந்தக் கலவையில் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு ஒயிட் ஸ்பிரிட். கடுங்காப்பி நிறத்தில் தண்ணீராக ஓட வேண்டும். பிரஷ் நுனியைப் பேனல் கோட்டில் தொட்டால் போதும், வாஷ் தானே கோடு பிடித்து ஓடும். வெள்ளை அடிவயிற்றுக்கு இந்தக் கலவை வேண்டாம், கட்டம் போட்ட நோட்டுப் போலாகிவிடும். வெள்ளை கலந்து சாம்பலாக்கிக்கொள்ளுங்கள். 20 முதல் 30 நிமிடம் கழித்து, ஏறக்குறைய உலர்ந்த குச்சியால் காற்று போகும் திசையில், முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். குச்சி ஈரமாக இருந்தால் கோட்டுக்குள் இருப்பதையும் உறிஞ்சிவிடும். சக்கரக் கால்கள் பொருந்தும் இடத்தில் திரவம் தேங்க விடாதீர்கள், அங்கே பிளாஸ்டிக் விரிசல் விடும்.

4. வாஷ் ஒரு நாள் காய்ந்தபின் மேட் வார்னிஷ். ஈரக்காற்று உள்ள நாளில் ஸ்பிரே செய்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

5. கோர்சேருக்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு. விமானிக்கு முன்னால் 237 கேலன் பெட்ரோல் டாங்க். அதன் மேல்மூடியின் இணைப்புகளில் கசிவு வராமலிருக்கத் தரைப்பணியாளர்கள் டேப் ஒட்டினார்கள். காக்பிட்டுக்கு முன்னே அந்த இணைப்புக் கோடுகள்மேல் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் மங்கிய வெள்ளைப் பட்டைகள் வரையுங்கள். ஓரம் கொஞ்சம் கோணினால் அதுவே இயல்பு, கையால் ஒட்டிய டேப் அது.

6. பெயின்ட் உரிந்த இடத்துக்கு வெள்ளிப் பென்சில். இந்த 1/48 அளவில், அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கில், ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர், ஆகவே நுனியால் தொட்ட புள்ளிகள் போதும். விமானி மிதித்து ஏறும் வலது இறக்கை அடி, துப்பாக்கி மூடிகளின் ஓரம், என்ஜின் மூடி ஆகியவையே சரியான இடங்கள். வெளி இறக்கையின் பின்பாதியில் வெள்ளி கூடவே கூடாது. அங்கே இருந்தது துணி, அலுமினியம் அல்ல.

7. கடைசியில் புகைக்கறை. கோர்சேரின் புகைக்குழாய்கள் என்ஜின் மூடிக்குப் பின்னால் அடிப்பக்கமாகத் திறக்கின்றன. கரும்சாம்பல் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, குழாயிலிருந்து பின்னோக்கி வயிற்றில் இழுங்கள். குழாய் வாயருகே மட்டும் துளி பழுப்பு. இதன்மேல் வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்துபோகும். அடிக்காமலே விடுங்கள், இனி மாடலை இறக்கை நுனியில் பிடித்தே தூக்குங்கள்.