தேடினால் பதில் சொல்லாத பெட்டி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ போட்ட கம்ப்யூட்டரில் தமிழிலும் மலையாளத்திலும் மனு, பத்திரம் தட்டித் தருகிறார். ஆபீஸ் மென்பொருளின் தேடல் பெட்டி எங்கே சொதப்புகிறது என்று நான் கற்றது அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

பெரிய தவறு, தேடியபின் வாய் திறக்காதது. சொல்லைத் தட்டி என்டர் அடிக்கிறார். ‘கிடைக்கவில்லை’ என்று பெட்டியின் அடியில் சிவப்பாக வருகிறது. ஃபோகஸ், அதாவது தட்டுவது போய்ச் சேரும் இடம், தேடும் கட்டத்திலேயே இருப்பதால் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிப்பதில்லை. கிடைத்ததா, இல்லையா, கம்ப்யூட்டரே நின்றுவிட்டதா, மூன்றுக்கும் அவருக்கு ஒரே நிசப்தம். நான் எழுதிய முதல் பெட்டியும் இதே ஊமைதான். அந்த வரி மாறியதும் ஸ்கிரீன் ரீடருக்குத் தகவல் போக வேண்டும். ‘மூன்றில் முதலாவது’ என்பதோடு, சொல் இருக்கும் வரியையும் சொன்னால் நல்லது. இணையச் செயலிகளுக்கு 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி நெறி இதைத் தனி விதியாகவே வைத்திருக்கிறது, எண் 4.1.3. அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணிக்கை சொல்ல வைக்காதீர்கள், அது இன்னும் தொல்லை. தட்டி முடித்து ஒரு நொடி கழித்துச் சொன்னால் போதும்.

கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தேடு’, ‘மாற்று’ என்று எழுதினால் மட்டும் போதாது. நிரலில் அந்தப் பெயரையும் கட்டத்தையும் இணைக்காவிட்டால் ‘எடிட்’, ‘எடிட்’ என்றுதான் கேட்கும். எதில் தட்டுகிறோம் என்று தெரியாமல் ‘அனைத்தையும் மாற்று’ அழுத்தினால் பத்திரம் என்ன கதி ஆகும்!

ஆல்ட்டோடு அழுத்தும் எழுத்தை இரண்டு பொத்தானுக்கு ஒன்றாக வைக்காதீர்கள். எஸ்கேப் அடித்தால் கர்சர் கடைசியாகக் கிடைத்த சொல்லில் நிற்க வேண்டும். கோப்பின் தலைக்கு ஓடினால் தேடியதே வீண்.

அப்புறம் எங்கள் எல்லைப் பக்கத்துத் தலைவலி. ஊர்ப்பெயரின் ‘கொ’வில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. தேடும்முன் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால் இருக்கிற ஊரே ‘கிடைக்கவில்லை’. மலையாளச் சில்லு எழுத்துகள், அதாவது உயிர் சேராமல் தனி வடிவில் நிற்கும் மெய்கள், இன்னும் மோசம். 2008இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறி தந்தது. பழைய கோப்புகளில் மெய், நம் புள்ளி போன்ற சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்று சேர்ந்திருக்கும். யூனிகோடின் வழக்கமான ஒருமையாக்கம் இதைத் தொடாது, நீங்களே எழுதியாக வேண்டும். பார்வை உள்ளவருக்கும் இந்தச் சிக்கல் உண்டுதான். ஆனால் அவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தே பிடித்துவிடுவார். அண்ணன் பத்திரம் முழுவதையும் முதல் வரியிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.