ட்ரையாங்கிளைக் கொஞ்சம் விடுங்கள்: டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே-வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டபிள்யூ.டபிள்யூ.இ. 2கே என்ற மல்யுத்த வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார என்னால் முடிவதில்லை. நாங்களெல்லாம் வருஷக்கணக்கில் தடுக்கி விழுந்த அதே இடங்களில் ஒவ்வொருவராக வந்து விழுகிறார்கள். டுடோரியலைத் தாண்டிவிட்டு ஆடுவது, எடுத்த எடுப்பில் லெஜண்ட் என்ற மிகக் கடினமான நிலையில் வைப்பது மாதிரியானவற்றைச் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் இரண்டு நாள் உதை வாங்கினால் தானாகத் தெளியும். தெளியாத சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன். 2கே22 தொடங்கி 2கே25 வரை அடித்தளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் கையில் எது இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

பழைய வீடியோ பார்த்துப் பழகுவது

2019-இல் வந்த 2கே20 பிழைகளின் குவியல். வீரர்கள் ரிங்குக்குள் புதைவார்கள், கயிற்றில் சிக்கி ரப்பர் மாதிரி இழுபடுவார்கள். அது வாங்கிய அடியில் அடுத்த வருஷத்துப் பதிப்பையே கைவிட்டார்கள். வருஷக்கணக்காக இந்த வரிசையைச் செய்துவந்த யூக்ஸ் அதற்கு முன்பே விலகியிருந்தது. விஷுவல் கான்செப்ட்ஸ் நேரம் எடுத்துக்கொண்டு ஆட்டமுறையை மாற்றி அமைத்து, 2022 மார்ச்சில் 2கே22-ஐ வெளியிட்டது. ஆகவே 2கே19-க்குச் சொன்ன நுணுக்கங்களை இதில் முயன்றுவிட்டு "ஒர்க் ஆகலையே" என்று புலம்பாதீர்கள்.

ட்ரையாங்கிளை விடாமல் தட்டுவது

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் முக்கோணப் பட்டன்தான் ட்ரையாங்கிள்; எதிராளியின் அடியை மடக்குகிற ரிவர்சலுக்கு அதைத்தான் அமுக்க வேண்டும். அதை விடாமல் தட்டுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான்.

அக்கா மகன் ரோமன் ரெய்ன்ஸை எடுத்துக்கொண்டு ப்ராக் லெஸ்னரோடு மோதிக்கொண்டிருந்தான். டிவியில் கூட்டம் கத்துவதை விட அவன் கட்டைவிரல் போட்ட டக்கு டக்கு சத்தம்தான் வீடு முழுக்கக் கேட்டது. லெஸ்னர் கையை ஓங்குவதற்கு முன்பே இவன் பத்து முறை தட்டியிருப்பான். அப்புறம் திரும்பி, "மாமா, ரிவர்சலே எடுக்க மாட்டேங்குது, கன்ட்ரோலர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றான். கன்ட்ரோலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தட்டுகிற தட்டில் வேண்டுமானால் சீக்கிரம் ஆகும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஹியர் கம்ஸ் தி பெயின் என்ற பழைய மல்யுத்த கேம் ஆடியவர்களுக்கு எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்து அமுக்கித்தள்ளுவது கைவந்த கலை. பின்னாளில் 2கே16 ரிவர்சலுக்குக் கணக்கு வைத்தது. இத்தனைதான் கையிருப்பு, செலவழித்தால் மறுபடி நிரம்பும்வரை காத்திரு என்றது. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அது நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. 2கே22 அந்தக் கணக்கைத் தூக்கிவிட்டது. எத்தனை முறை வேண்டுமானாலும் ரிவர்சல் செய்யலாம் என்றதும், எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சிக்கல் நேரம். ஒவ்வொரு அடிக்கும் பிடிக்கும் ரிவர்சலுக்கான ஒரு சின்ன இடைவெளிதான் உண்டு. அதற்கு முன்னால் அமுக்கிவிட்டால் அந்த வாய்ப்பு போயிற்று. பிறகு எத்தனை தட்டினாலும் அடியை வாங்கித்தான் ஆக வேண்டும். நிலை ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் குறுகும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது, யாரும் கவனிக்காததும் அதுதான். எதிராளி லைட் அடியில் தொடங்கிக் காம்போவுக்குள், அதாவது அடிமேல் அடியாக வரும் தொடருக்குள், நுழைந்துவிட்டால் ட்ரையாங்கிளை நம்பிப் பயனில்லை. அங்கே வேண்டியது பிரேக்கர். அவர் அடுத்து லைட் அடிக்கப்போகிறாரா, ஹெவியா, பிடியா என்று ஊகித்து அதே பட்டனை நீங்களும் அமுக்க வேண்டும். ஊகம் சரியென்றால் காம்போ அங்கேயே அறுந்துவிடும். இந்தப் பதிப்புகளின் ஆகச் சிறந்த யோசனை என்று இதைத்தான் சொல்வேன். எதிரே இருப்பவனின் மனசைப் படிக்க வைக்கிறது. ஒவ்வொரு வீரரின் காம்போ வரிசையும் பாஸ் மெனுவிலேயே இருக்கிறது, ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நண்பனோடு ஆடினால் இன்னும் எளிது: முக்கால்வாசிப் பேர் ஒரே காம்போவைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள். ட்ரையாங்கிள் தட்டுகிறவருக்கு இப்படி ஒன்று இருப்பதே கடைசிவரை தெரியாமல் போகிறது.

மூன்றாவது, தட்டாமல் அழுத்திப் பிடித்தால் அதே பட்டன் தடுப்பாகிவிடும். சாதாரண அடிகளுக்கு அது போதும். தடுத்துக்கொண்டே நின்றால் எதிராளி வந்து பிடித்துத் தூக்கிவிடுவார், அது வேறு.

இவ்வளவும் செய்தும் நேரம் பிசகுகிறது என்றால் டிவியைப் பாருங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று பல டிவிகள் காட்சியைக் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். அக்கா மகன் வீட்டில் பாதிப் பிரச்சினை அதில் தீர்ந்தது. மீதிப் பாதிக்கு அவனைச் சும்மா நிற்கச் சொன்னேன். அடிக்கவே கூடாது, லெஸ்னர் தோளை எப்போது திருப்புகிறார் என்று பார்த்து ஒரே ஒரு முறை அமுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் செமத்தியாக வாங்கினான். கோபித்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். வந்து மறுபடி ஆடியபோது சூப்ளெக்ஸுக்குத் தூக்க வந்த லெஸ்னரை மடக்கிப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

விளையாட்டின் மேலும் தப்பு உண்டு. லெஜண்ட் நிலையில் கணினி நீங்கள் செய்வதையெல்லாம் மடக்கும். அது திறமை இல்லை, அழுகுணி ஆட்டம். அமைப்புகளில் கணினியின் ரிவர்சல் அளவுக்குத் தனித்தனி ஸ்லைடர்கள் இருக்கின்றன. குறைத்து வையுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஃபினிஷர் வந்ததும் போட்டுவிடுவது

ஃபினிஷர் என்பது ஆட்டத்தை முடிக்க ஒவ்வொரு வீரரும் போடும் முத்திரை அடி. மூன்று வரை சேர்த்து வைக்க முடியும். மணி அடித்துச் சிறிது நேரத்திலேயே ராண்டி ஆர்ட்டனை வைத்து ஆர்.கே.ஓ. போட்டுவிட்டு உடனே மேலே படுத்தால், எதிராளி உதறிவிட்டு எழுவார். அவர் உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது. முதலில் அடித்து ஓய வையுங்கள். டெக்கன் மாதிரி சண்டை கேம் ஆடுகிற வேகத்தில் இதை முடிக்கப் பார்க்கிறவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண்ணும் குறைவாகத்தான் வரும். இங்கே ஜெயிப்பது பாதி, கூட்டத்துக்குப் படம் காட்டுவது பாதி.

மூவர், நால்வர் ஆட்டங்கள்

இலக்கை மேனுவலுக்கு மாற்றுங்கள், வலது குச்சியை அமுக்கி ஆளை நீங்களே தேர்ந்தெடுங்கள். தானாக விட்டால் பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டுக் காற்றைக் குத்துவீர்கள்.

மைஜிஎம்-இல் பெரிய பெயர்களாக அள்ளுவது

மைஜிஎம் என்பது நீங்களே மேனேஜராக இருந்து வீரர்களை எடுத்து நிகழ்ச்சி நடத்தும் பகுதி. ரோமன், லெஸ்னர் என்று முதல் டிராஃப்டிலேயே பணத்தைக் கொட்டினால் மீதி ஆட்களுக்குக் காசு இருக்காது. வாரா வாரம் அதே இருவரை இறக்கினால் களைத்துப்போவார்கள், காயமும் படுவார்கள். பார்க்க வேண்டியது வகையை: ஃபைட்டருக்கு ப்ரூசர், க்ரூசருக்கு ஜயண்ட், நல்லவனுக்குக் கெட்டவன். இந்தப் பொருத்தம் இருந்தால் பேர் தெரியாத மலிவான ஆட்களே நல்ல ஆட்டம் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் மொத்தத் தொகுப்பிலும் அதிக நாள் தாங்குவது இந்தப் பகுதிதான். கதைப் பகுதிகளை ஒருமுறை முடித்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

மைஃபேக்‌ஷனில் காசு போடுவது

அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும் பகுதி அது. போடாதீர்கள்.

தள்ளுபடியைப் பார்த்து மயங்குவது

பழைய பதிப்பு அடிமாட்டு விலைக்கு வரும். வாங்குவதற்கு முன் அதன் சர்வர் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். சில வருஷத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் ஆன்லைன் ஆட்டத்தோடு, ரசிகர்கள் உருவாக்கிப் பகிர்ந்த வீரர்களும் அரங்குகளும் போய்விடும். இந்த விளையாட்டின் உண்மையான செல்வம் அதுதான். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வேண்டியதை இப்போதே இறக்கி வையுங்கள். கணினியில் 2கே25 வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விளம்பரத்தில் பெரிதாகக் காட்டிய 'தி ஐலண்ட்' பகுதி கணினிப் பதிப்பில் கிடையாது.