‘சாக்ரடீசின் மரணம்’: நல்ல அச்சுப்படி எடுக்கும் முறை

ழாக் லூயி தாவீத் 1787-இல் தீட்டிய ‘சாக்ரடீசின் மரணம்’ ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை என் படிப்பறைச் சுவரில் மாட்டுவதற்குள் எனக்கு மூன்று முறை பணம் செலவாயிற்று. முதலாவதில் ஓரங்கள் வெட்டுப்பட்டன; இரண்டாவதில் ஓவியத்தின் ஒரு பகுதியே கரியாகிப் போனது. புதிதாக முயல்வோர் ஒரே செலவில் முடித்துக்கொள்ளட்டும் என்று, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் படக்கோப்பு. மூல ஓவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்புரிமைக்கு உட்படாத படைப்புகளின் படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் சிசி ஜீரோ உரிமத்தில் அந்த அருங்காட்சியகம் 2017 முதல் வழங்கி வருவதால், அதன் தளத்திலிருந்தே நேரடியாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். தேடுபொறியில் முதலில் கண்ணில் படுபவற்றுள் நிறம் மிகையாக ஏற்றப்பட்டவையும் ஓரம் நறுக்கப்பட்டவையும் கலந்திருக்கும்.

இரண்டாவது, அளவு. மூல ஓவியம் 129.5 செ.மீ. உயரமும் 196.2 செ.மீ. அகலமும் கொண்டது, அதாவது உயரத்தைப் போல 1.515 மடங்கு அகலம். நான் அச்சிட்ட ஏ2 தாளோ (594 × 420 மி.மீ.) 1.414 மடங்கு மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் தாள் முழுவதையும் நிரப்பச் சொன்னால், இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 4 செ.மீ. ஓவியம் வெட்டுப்பட்டுவிடும், என் முதல் படி கெட்டது இப்படித்தான். எனவே இடத்திலும் வலத்திலும் 25 மி.மீ. வெள்ளை விளிம்பு விட்டு, ஓவியத்தை 544 மி.மீ. அகலத்துக்கும் 359 மி.மீ. உயரத்துக்கும் அமைத்துக்கொள்ளுங்கள், மேலும் கீழும் தலா 30 மி.மீ. தானாகவே மிஞ்சும். 544 மி.மீ. என்பது சுமார் 21.4 அங்குலம். கோப்பின் அகலம் 4,000 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 187 பிக்சல் கிடைக்கும். 300 வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 180-க்கு மேல் இருந்தாலே எனக்குப் போதும்.

இனி, என்னை வீழ்த்திய கட்டம். ஓவியத்தின் இடப்பக்கம், வளைவுக்கு அப்பால், படிக்கட்டில் ஏறிச் செல்லும் சிறு கூட்டம் ஒன்று மங்கலாகத் தெரியும். கையை உயர்த்தி விடைபெறும் சாக்ரடீசின் மனைவி சாந்திப்பே அங்கேதான் இருக்கிறார். என் இரண்டாவது படியில் அந்த இடம் வெறும் கறுப்புத் திட்டாக வந்தது. அச்சகத்தின் மீது பிழையில்லை. என் திரையின் ஒளி அளவுக்கு மீறி இருந்ததால், கோப்பில் இருட்டாக இருந்ததெல்லாம் என் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. அளவிடும் கருவி இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை அருகில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளுப்பாகத் தெரியும்வரை திரையின் ஒளியைக் குறையுங்கள். என் திரையில் அதைப் பாதி அளவுக்கும் கீழே இறக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அச்சகத்திடம் அவர்களுடைய தாளுக்கும் மைக்கும் உரிய ஐசிசி புரொஃபைலை (நிறங்கள் அச்சில் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேட்டு வாங்கி, ஜிம்ப் மென்பொருளில் சாஃப்ட் புரூஃப் முறையில், அதாவது அச்சு வரப்போகும் தோற்றத்தைத் திரையிலேயே, பாருங்கள். (இந்த ஒரு வேலைக்காக மாதச் சந்தா கட்டும் மென்பொருள் தேவையில்லை என்பது என் கருத்து.) மேட் தாளில் கறுப்பு, பளபளப்புத் தாளின் அளவுக்கு ஆழமாக இறங்காது, நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே படத்தின் ஒளியை வளைகோட்டால் கூட்டிக் குறைக்கும் ‘கர்வ்ஸ்’ கருவியில், கோட்டின் கீழ்க் கால்பகுதியை, அதாவது நிழல்களை, மட்டும் சற்றே உயர்த்துங்கள். கோட்டின் அடிமுனையை அசைத்தால் படம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும்.

முழுப் படியை அச்சிடுவதற்கு முன், அதே தாளில் ஏ4 அளவுச் சோதனைப் படி ஒன்றைக் கட்டாயம் எடுங்கள். படத்தைச் சுருக்காமல், இறுதி அளவிலேயே மூன்று துண்டுகளை வெட்டி வையுங்கள்: அந்தப் படிக்கட்டு, நஞ்சுக் கோப்பையை நீட்டுபவரின் சிவப்பு உடை, கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்திருக்கும் பிளேட்டோவின் வெளிறிய உடை. நிறச்சாயல் பிசகியிருந்தால் பிளேட்டோவின் உடையே முதலில் காட்டிக்கொடுக்கும். மை உலர ஒரு நாள் விட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

தாளுக்கு 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அளவிலான, அமிலமற்ற பருத்தி மேட் தாளையே நான் பரிந்துரைப்பேன். கேன்வாஸில் எடுத்தால் ‘அசல் ஓவியம்’ போலிருக்கும் என்று அச்சகத்தார் சொல்வார்கள். அதன் நெசவு, தாவீதின் வழுவழுப்பான தூரிகை வேலையைக் கெடுக்கும். மை பிக்மென்ட் வகையா (நிறம் நுண்துகள்களாகக் கலந்தது) என்று கேளுங்கள். நிறம் கரைந்த டை வகை மை விரைவில் வெளுக்கும். படக்கோப்பைத் தரம் குறைக்காத டிஃப் (TIFF) வடிவில் சேமித்து, இணைய இணைப்பாகவோ பென்டிரைவிலோ கொடுங்கள். அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும்.

பின்சேர்க்கை: சட்டமிட்ட சில வாரங்களில் தாள் அலையலையாக நெளிந்துவிட்டதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டியதே காரணம். ஈரப்பதத்துக்கு ஏற்பத் தாள் விரியும், சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். மேல் ஓரத்தில் மட்டும், இரண்டு இடங்களில், அமிலமற்ற காகித டேப்பால் தொங்கவிடுங்கள். கண்ணாடி அச்சின் மீது படாதவாறு இடையில் மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வையுங்கள். இப்போது அவருடைய படம் நெளியாமல் நிற்கிறதாம். ஆனால் கண்ணாடியில் எதிர்ச்சுவர் ஜன்னல் தெரிகிறது என்கிறார். அதற்கு, படத்தைப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.