'தி கிரேட் கேட்ஸ்பி'யில் பரம்பரைப் பணத்தையும் புதுப்பணத்தையும் இனம் காண்பது எப்படி?

ஒன்பதே அத்தியாயங்கள் கொண்ட சின்ன நாவல் இது. எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1925-இல் வெளியிட்டது. கிளாசிக் நாவல்களை இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், பென்சிலும் கையுமாக இதை எடுங்கள்.

படி 1: பணம் வந்த வழியைக் குறித்துவையுங்கள். நாவலில் வரும் டாம் புக்கானன் பிறக்கும்போதே பணக்காரன். கதாநாயகன் கேட்ஸ்பி ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. கதை நடக்கும் 1922-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. மருந்துக்கடைகள் வழியாகக் கள்ளத்தனமாகச் சாராயம் விற்றதில் வந்தது அவன் பணம்.

படி 2: வீடுகளைப் பாருங்கள். கேட்ஸ்பியின் மாளிகை பிரான்சு நாட்டு நகரமன்றக் கட்டடம் ஒன்றின் நகல். அதன் கோபுரத்தில் இப்போதுதான் கொடி படரத் தொடங்கியிருக்கிறது. டாம் வீட்டுச் சுவரிலோ அது தழைத்துக் கிடக்கிறது.

படி 3: ஆறாம் அத்தியாயத்தை நிதானமாக, முடிந்தால் இரண்டு முறை படியுங்கள். நாவலின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். டாமும் வேறு இருவரும் குதிரையில் வந்து கேட்ஸ்பி வீட்டில் இறங்குகிறார்கள். அவர்களில் ஒரு பெண், "சாப்பிட வாருங்கள்" என்று கேட்ஸ்பியை அழைக்கிறாள். அது வாய்வார்த்தை. மறுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், கேட்ஸ்பிக்குத் தெரியாது. குதிரை இல்லை, காரில் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான். தொப்பியும் மேல்கோட்டுமாக அவன் வெளியே வருவதற்குள் மூவரும் கிளம்பிப் போய்விடுகிறார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. எத்தனை கோடி சேர்த்தாலும் அந்த எழுதாத சட்டம் அவன் கைக்கு வராது.

படி 4: கேலி செய்பவர் யார் என்று கேளுங்கள். கேட்ஸ்பியின் இளஞ்சிவப்பு சூட்டைப் பார்த்து டாம் ஏளனம் செய்கிறான். 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்று நாம் சொல்வோமே, அதே குரல். அந்தக் குரலோடு சேர்ந்து நீங்களும் சிரித்துவிட்டால், டாமின் கண்ணால்தான் கேட்ஸ்பியைப் பார்க்கிறீர்கள்.

சரி, அடுத்து? எடித் வார்ட்டன் 1920-இல் எழுதிய 'தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்' நாவலுக்குப் போங்கள். பாரிஸிலிருந்து தருவித்த புது உடைகளை உடனே உடுத்தாமல் இரண்டு வருடம் பெட்டியில் வைத்திருக்கும் பாஸ்டன் சீமாட்டிகளைப் பற்றி அதில் ஒரு பேச்சு வரும். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஓரத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.