வாங்கும் பக்கத்தில் விடும் பிழைகள்: ஏஎஸ்/400 இல் ரிசீவர் சனல்

போன மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணன், பிங் போகுது, போர்ட்டும் திறந்திருக்கு, ஆனா சனல் ஏறுதில்ல." விடயம் ஐபிஎம் எம்கியூ, ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜ்களைக் கியூவில் (வரிசையில்) வைத்துக் கொண்டு சேர்க்கும் மென்பொருள். சனல் என்பது இரண்டுக்கும் இடையிலான வழி. அனுப்பும் பக்கம் லினக்ஸ். வாங்கும் பக்கம் ஐபிஎம் ஐ, நாங்கள் இன்னும் ஏஎஸ்/400 என்றே கூப்பிடும் இயந்திரம். பதிவில் ஏஎம்கியூ9519 என்ற பிழை, சனலைக் காணவில்லை என்று. இரண்டு பக்கத்துப் பெயரையும் வாசித்துக் காட்டினார், காதுக்கு இரண்டும் ஒன்றுதான். திரையைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் தெரிந்தது: அங்கே சிறிய எழுத்து, இங்கே பெரிய எழுத்து.

ஐபிஎம் எம்கியூவில் சென்டர் (அனுப்பும்) சனலுக்கும் ரிசீவர் (வாங்கும்) சனலுக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐபிஎம் ஐ கட்டளையில் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடாவிட்டால், சிறிய எழுத்தில் தட்டினாலும் அது பெரிய எழுத்தாக மாறிவிடும். புதிதாக வருபவர்களிடம் இரு பக்கமும் பெரிய எழுத்திலேயே பெயர் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பெயருக்கு 20 எழுத்துத்தான் இடம், அதையும் முதலிலேயே கணக்கில் எடுங்கள்.

ரிசீவர் சனல் தானாக எங்கும் போய் இணையாது, யாராவது வரும்வரை காத்திருக்கும். அதனால்தான் அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சனலை 'ஸ்டார்ட்' செய்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டளை சனலை இணைப்பு ஏற்கத் தயாராக்கும், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்து, வரும் இணைப்பை ஏற்பது லிஸ்னர் என்ற புரோகிராம். வழக்கமான போர்ட் 1414. ஒரே இயந்திரத்தில் இரண்டு கியூ மேனேஜர் (கியூக்களையும் சனல்களையும் நடத்தும் எம்கியூவின் பகுதி) இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு போர்ட் வேண்டும். லிஸ்னரைக் கையால் ஆரம்பித்துவிட்டு மறந்தால், அடுத்த ஐபிஎல் (இயந்திரத்தின் மறுதொடக்கம்) முடிந்ததும் அது இருக்காது. கியூ மேனேஜரோடு சேர்ந்தே எழும்பும்படி லிஸ்னரை வரையறுத்து வையுங்கள்.

அடுத்தது டெட் லெட்டர் கியூ வைக்காமல் விடுவது. நான் அதிகம் வருந்திய பிழை இது. நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், யாரோ பாவனையில் இல்லை என்று நினைத்து ஒரு கியூவை அழித்துவிட்டார்கள். காலையில் வந்த முதல் மெசேஜ் அந்தக் கியூவுக்குரியது. போட இடமில்லை, சனல் நின்றது. அதற்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான லீசிங் ரசீதுகளுக்குப் போக வேண்டிய கியூ நன்றாகவே இருந்தது, ஆனாலும் ஒன்றும் வந்து சேரவில்லை. 2013 இல் புதிய பாலம் திறப்பதற்கு முன் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒற்றை வழி. நடுவில் ஒரு லொறி நின்றுவிட்டால் பின்னால் அம்புலன்சும் நிற்க வேண்டியதுதான்.

போட முடியாத மெசேஜை ஓரமாக எடுத்து வைக்கத்தான் டெட் லெட்டர் கியூ. நிறையப் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு: கியூ மேனேஜரை உருவாக்கும்போது டெட் லெட்டருக்கான ஒரு கியூவும் கூடவே உருவாகும், ஆனால் அதைப் பாவிக்கும்படி கியூ மேனேஜரிடம் நாங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தப் புலம் வெறுமையாக இருந்தால் பெர்சிஸ்டன்ட் (இயந்திரம் நின்றாலும் அழியாமல் டிஸ்க்கில் வைக்கப்படும்) மெசேஜ் சனலை நிறுத்திவிடும். பெர்சிஸ்டன்ட் அல்லாதது, சனலின் வேகம் 'ஃபாஸ்ட்' என்று இருந்தால், தொலைந்தே போகும். இரண்டில் இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் யாரும் வந்து முறையிடமாட்டார்கள்.

டெட் லெட்டர் கியூவை வைத்தால் மட்டும் போதாது, தினமும் பார்க்க வேண்டும். சாதாரணக் கியூவின் ஆழம் சொல்லாவிட்டால் 5000 மெசேஜ். நிறைந்தால் 2053 என்ற காரணத்தோடு மறுக்கும். ரிசீவர் உடனே கைவிடாது, ஒரு விநாடி இடைவெளியில் 10 தடவை திரும்ப முயலும். அந்த நேரம் முழுவதும் சனலே காத்திருக்கும். ஒவ்வொரு மெசேஜுக்கும் இப்படி என்றால் ஓடும் சனலும் ஊரும் சனலாகிவிடும்.

மாரி மழை தொடங்கினால் எங்கள் பக்கம் லைன் அறுவது வழமை. அறுந்த பிறகு சென்டர் மீண்டும் வரும், ஆனால் ரிசீவர் பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். புதியவரை, சனல் பாவனையில் இருக்கிறது, ஏஎம்கியூ9514, என்று திருப்பி அனுப்பும். பலர் செய்வது ரிசீவரைக் கையால் நிறுத்தி மீண்டும் ஆரம்பிப்பது. அவசரத்துக்குச் சரி. நிரந்தர வழி, கியூ மேனேஜரின் ஐஎன்ஐ (அமைப்புக்) கோப்பில் 'அடொப்ட் நியூ எம்சிஏ' வரியை எழுதுவது. எம்சிஏ என்பது சனலின் ஒரு பக்கத்தை ஓட்டும் புரோகிராம். அப்போது புதிய இணைப்பு பழையதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். எழுதிய பின் கியூ மேனேஜரை நிறுத்தி ஆரம்பிக்காமல் பலன் தெரியாது. ஹார்ட்பீட்டை, அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சனல் பார்க்கும் இடைவெளியைக், குறைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: வழமையான 300 விநாடியை ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் பயனில்லை, இரண்டில் பெரியதைத்தான் இரு பக்கமும் எடுத்துக்கொள்ளும். ஐபிஎம் ஐயின் டிசிபி கீப் அலைவ் (நெட்வொர்க் மட்டத்தில் நடக்கும் இதே மாதிரியான சோதனை) வழமையாக 120 நிமிடம், அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

பாதுகாப்பில் ஒரே ஒரு விடயம் சொல்கிறேன். எந்த யூசரின் அதிகாரத்தில் மெசேஜ் போடுவது என்று சொல்லும் எம்சிஏ யூசர் புலத்தை வெறுமையாக விட்டால், வருகிறவர் நிர்வாகி அதிகாரத்தோடு எந்தக் கியூவிலும், கட்டளைக் கியூவிலும்கூட, மெசேஜ் போடலாம். தேவையான கியூவில் மட்டும் போடக்கூடிய ஒரு யூசரைக் கொடுங்கள். 'புட்' அதிகாரத்தோடு 'செட் ஓல்' அதிகாரமும் வேண்டும், இல்லாவிட்டால் 2035 (அதிகாரம் இல்லை) வரும். அதைப் பார்த்த கோபத்தில் சனல் அங்கீகார விதிகளை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தமிழில் பெயர் வரும் மெசேஜ்கள் தனிக் கவலை. 'கல்லடி' நாங்கள் படிக்கும்போது நாலு எழுத்து. யுனிகோடில் ஆறு குறியீடு, யுடிஎஃப்-8 இல் 18 பைட். ஏஎஸ்/400 இல் பரவலாக உள்ள எப்சிடிக் 37 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ் எழுத்தே கிடையாது. அதற்கு மாற்றினால் பெயர் திரும்பி வராது. வாங்கும் புரோகிராம் யுனிகோடாகவே எடுத்து, 1200 என்ற குறியீட்டுப் புலத்தில் போட வேண்டும். அதே 'கல்லடி' அங்கே 12 பைட். மெசேஜின் ஃபோர்மட் (உள்ளடக்கத்தின் வகை) வெறுமையாக இருந்தால் மாற்றமே நடக்காது என்பதையும் அனுப்புபவரிடம் சொல்லி வையுங்கள்.

சனலின் இரு பக்கமும் வைத்திருக்கும் மெசேஜ் வரிசை எண் குழம்பி ஏஎம்கியூ9526 வந்தால், ரீசெட்டை அனுப்பும் பக்கத்திலிருந்து செய்யச் சொல்லுங்கள். அது இரு பக்கத்தையும் சரிசெய்யும், இங்கிருந்து செய்தால் எங்கள் பக்கம் மட்டும்தான் மாறும். ஆனால் அதற்கு முன், முடிவு தெரியாமல் நிற்கும் பேட்ச் (ஒன்றாக அனுப்பிய மெசேஜ் தொகுதி) ஏதும் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும். பார்க்காமல் ரீசெட் செய்தால் ஒரே ரசீது இரண்டு தடவை பதிவாகலாம்.

கடைசியாக ஜேர்னல், அதாவது எம்கியூவின் பதிவேடு. வாங்கும் ஒவ்வொரு பெர்சிஸ்டன்ட் மெசேஜும் அதில் எழுதப்படும், ஜேர்னல் ரிசீவர்கள் (பதிவுகள் சேரும் இடங்கள், ரிசீவர் சனல் அல்ல) டிஸ்க்கில் சேர்ந்துகொண்டே போகும். எதுவரை இன்னும் தேவை என்பதை ஏஎம்கியூ7460, ஏஎம்கியூ7462 என்ற இரண்டு செய்திகள் சொல்லும். அவை குறிப்பிடும் ரிசீவருக்குப் பழையதை மட்டும், அதுவும் பேக்கப் எடுத்த பிறகு அழியுங்கள். டிஸ்க் 90 வீதத்தைத் தாண்டிய பதற்றத்தில் கைக்கு வந்ததை அழித்தால், அடுத்த தடவை கியூ மேனேஜரே எழும்பாமல் போகலாம்.