வாட்ச்மென்: முதல் வாசிப்புக்கு ஒரு கையேடு

வாட்ச்மென் நூலை ஆசையாக வாங்கி, மூன்றாம் அத்தியாயத்தோடு மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் காரணம் வேகம்தான். ஆலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டிய, முகமூடி நாயகர்களைப் பற்றிய இந்தப் படக்கதை, 1986 செப்டம்பர் முதல் 1987 அக்டோபர் வரை தேதியிட்ட பன்னிரண்டு இதழ்களாக டிசி காமிக்ஸில் வெளிவந்தது. அன்றைய வாசகர் ஓர் இதழை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஒரு மாதமாவது காத்திருந்தார். அந்த இடைவெளியில் அதையே திரும்பத் திரும்பப் புரட்டினார். இன்று பன்னிரண்டும் ஒரே தொகுப்பாகக் கையில் கிடைப்பதால் ஒரே இரவில் முடிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கொலையாளி யார் என்பது மட்டும் மிஞ்சும். நூல் கைநழுவிப் போய்விடும்.

ஆகவே ஓர் அமர்வுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அத்தியாயத்தில் படக்கதை ஏறக்குறைய 28 பக்கம், அதன் பின்னால் சில பக்கங்கள் உரைநடை. நிதானமாகப் படித்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்றால் ஒரு மாதத்தில் முடியும்.

பேட்மேன், சூப்பர்மேன் வரலாறெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ என்ற தயக்கம் வேண்டாம். இவர்கள் யாரும் இந்தக் கதையில் வருவதில்லை. சார்ல்டன் காமிக்ஸ் என்ற நிறுவனத்தின் பழைய நாயகர்களை டிசி வாங்கியிருந்தது. அவர்களை வைத்துத்தான் மூர் முதலில் கதை திட்டமிட்டார். கதை முடிந்த பிறகு அந்த நாயகர்களை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்பதால், புதிதாகவே பாத்திரங்களை உருவாக்கச் சொன்னார்கள். ஆகவே தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து தேவைப்படுவது கொஞ்சம் அரசியல் மட்டும்: நிஜ உலகில் நிக்சன் 1974-இல் பதவி விலகினார், அமெரிக்கா வியட்நாமில் தோற்றது. இந்தக் கதையின் 1985-இல் நிக்சன் இன்னும் அதிபர். வியட்நாம் போரில் அமெரிக்கா வென்றிருக்கிறது. சாலையில் மின்சாரக் கார்கள், வானில் ஆகாயக் கப்பல்கள். வரலாறு எங்கே திசைமாறியது என்று நூல் மெல்ல மெல்லத்தான் சொல்லும்.

எந்தப் பதிப்பு?

சாதாரண வண்ண பேப்பர்பேக் போதும். 2017-இல் வந்த, லெஸ்லி கிளிங்கர் குறிப்புகள் எழுதிய பதிப்பு அருமையானது. ஆனால் முதல் வாசிப்புக்கு அது ஆகாது. அதன் குறிப்புகள் பின்னால் வருவதை முன்கூட்டியே உடைத்துவிடும், படங்களும் கறுப்பு வெள்ளையில் இருக்கும். இந்த நூலில் வண்ணம் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் அத்தியாயத்தில் துப்பறியும் அதிகாரிகள் இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே கொலைக் காட்சி சிவப்பில் தோய்ந்து வருகிறது. எது இப்போது, எது முன்பு என்று பிரித்துக் காட்டுவது அந்தச் சிவப்புதான். ஐந்தாம் அத்தியாயத் தொடக்கத்தில் வெளியே ஒரு நியான் பலகை அணைந்து அணைந்து எரிகிறது; கட்டத்துக்குக் கட்டம் வெளிச்சம் மாறுகிறது. கறுப்பு வெள்ளையில் இதெல்லாம் மங்கிப்போகும். 2005-இல் பெரிய அளவில் வந்த ஆப்சல்யூட் பதிப்புக்காக ஹிக்கின்ஸ் வண்ணங்களைத் திருத்தியமைத்தார். படங்களைப் பெரிதாகப் பார்க்க அது அற்புதம், ஆனால் மடியில் வைத்துப் படிக்க முடியாத கனம்.

கைபேசியில் படிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி இந்த நூலுக்குப் பகை. ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தால்தான் பாதி விஷயம் தெரியும். டேப்லெட் என்றால் பத்து அங்குலத் திரையாவது வேண்டும், முழுப் பக்கமாக வைத்துப் படியுங்கள். காகிதப் பதிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு: தடித்த புத்தகம் என்பதால் தைப்பை ஒட்டிய கட்டங்கள் உள்ளே மடிந்து மறையும். நன்றாக விரித்துப் பிடியுங்கள். முதுகில் கோடு விழுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

முன்னுரை இருந்தால் தாண்டிவிடுங்கள். பின்னட்டைப் பக்கமிருந்து புரட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு நூலில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கங்கள் ஒவ்வொன்றும் முழுப் பக்கப் படங்கள். ஒரு நொடி கண்ணில் பட்டாலே போச்சு.

ஒரு பக்கத்தைப் படிப்பது

முத்து, லயன் காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் படித்து வளர்ந்தவர்களுக்குக் கண் ஒரு விதமாகப் பழகியிருக்கும்: பேச்சு பலூனைப் படி, படத்தை ஒரு பார்வை பார், அடுத்த கட்டத்துக்குத் தாவு. (அந்த இரண்டு பிரிட்டிஷ் நாயகர்களும் தலைகாட்டும் ஆல்பியன் என்ற 2005-ஆம் ஆண்டுத் தொடருக்குக் கதைக்கரு தந்தவரும் மூர்தான்.) இங்கே அந்தத் தாவல் ஏமாற்றும். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை பாருங்கள்.

முதலில், எதையும் வாசிக்காமல் முழுப் பக்கத்தையும் இரண்டு விநாடி. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக ஒன்பது கட்டம் என்பதுதான் நூலின் அடிப்படை. அவற்றில் சில ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகியிருந்தால் அங்கே ஏதோ நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு பலூன்களையும் வரிகள் உள்ள பெட்டிகளையும் இடமிருந்து வலமாக வாசியுங்கள். மூன்றாவதாக, எழுத்தை விட்டுவிட்டுப் படங்களின் பின்புலத்தை மட்டும் பாருங்கள்: சுவரொட்டி, செய்தித்தாள் தலைப்பு, கடைப் பலகை, வாசனைத் திரவிய விளம்பரம், சுவரில் பாதி மறைந்த வாசகம். அந்தச் சுவர் வாசகம் கதை நெடுக ஒரு முறைகூட முழுதாகத் தெரியாது. ஏதாவது ஒன்று எப்போதும் மறைத்து நிற்கும்.

முதல் பக்கத்திலேயே இதைப் பழகிக்கொள்ளலாம். சாக்கடை ஓரத்தில் ரத்தக் கறை படிந்த மஞ்சள் சிரிப்பு முகச் சின்னத்திலிருந்து பார்வை செங்குத்தாக மேலே ஏறி, உயரத்தில் உடைந்த ஜன்னலில் போய் நிற்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் அட்டைப்படமும் இப்படித்தான், அந்த அத்தியாயத்தின் முதல் கட்டமாகவே அமைந்திருக்கும். அட்டையைத் தாண்டிப் போனால் தொடக்கக் கட்டத்தையே தவறவிட்டவர்களாவீர்கள்.

நினைவு பலூன்கள் கிடையாது, "டமால்", "படார்" போன்ற ஓசை எழுத்துகள் கிடையாது. "இதற்கிடையில்" என்று சொல்லிக் காட்சி மாற்றுவதும் கிடையாது. அதனால்தான் பலர் வழிதவறுகிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் போனால், முந்தைய காட்சியின் கடைசிக் கட்டத்தையும் இப்போதைய முதல் கட்டத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே வடிவமோ, ஒரே அசைவோ, ஒரு சொல்லோ இரண்டையும் இணைக்கும். பெட்டிக்குள் இருக்கும் வரி மேற்கோள் குறிக்குள் வந்தால், அது வேறொரு காட்சியில் இருப்பவர் பேசுவது.

குரல்களுக்கும் அடையாளம் உண்டு. அதீத சக்தி படைத்த டாக்டர் மன்ஹாட்டனின் பேச்சு நீல பலூனில் வரும். ரோர்ஷாக் என்ற நாயகர் முகமூடி அணிந்து பேசினால் பலூனின் விளிம்பு நெளியும். அவருடைய நாட்குறிப்பு கசங்கிய காகிதத் துண்டு போன்ற பெட்டியில் வரும். அவருடைய ஆங்கிலம் எழுவாயும் இணைப்புச் சொற்களும் உதிர்ந்து துண்டு துண்டாக இருக்கும். உங்கள் ஆங்கிலம் போதவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம், அந்த மனிதரே அப்படி.

சறுக்கும் இடங்கள்

பெயர்க் குழப்பம் முதலில் வரும். முகமூடி நாயகர்கள் இரண்டு தலைமுறை. சில பட்டப்பெயர்கள் இரண்டிலும் உண்டு. ஒரு தாளில் இவ்வளவு எழுதி புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் நைட் ஆவுல் ஹாலிஸ் மேசன், இரண்டாமவர் டேன் டிரைபர்க். முதல் சில்க் ஸ்பெக்டர் சாலி ஜூபிடர், இரண்டாவது அவர் மகள் லாரி. காமெடியன் எனப்படும் எட்வர்ட் பிளேக் இரண்டு தலைமுறையிலும் இருப்பவர். கூடவே ஆண்டுகள்: 1939-இல் மினிட்மென் குழு தொடக்கம், 1959-இல் டாக்டர் மன்ஹாட்டனை உருவாக்கிய ஆய்வக விபத்து, 1966-இல் புதிய தலைமுறையின் கூட்டம், 1977-இல் முகமூடி நாயகர்களைத் தடைசெய்த கீன் சட்டம், 1985 அக்டோபர் நிகழ்காலம்.

மூன்றாம் அத்தியாயத்தில் பெட்டிக்கடை ஓரமாக உட்கார்ந்து ஒரு சிறுவன் கடற்கொள்ளையர் காமிக்ஸ் படிக்கிறான். அந்தக் கதையின் வரிகள் தெருவில் நடப்பவற்றின் மேலேயே ஓடும். இங்கேதான் அதிகம் பேர் புத்தகத்தை மூடுகிறார்கள். இரண்டு குரலையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும். அந்தப் பக்கங்களை முதலில் தெருப் பேச்சை மட்டும் பிடித்துப் படியுங்கள், திரும்ப வந்து கொள்ளையர் வரிகளை மட்டும், அப்புறம் சேர்த்து. கொள்ளையர் வரி எந்தப் படத்தின் மேல் வந்து விழுகிறது என்று பார்க்க ஆரம்பித்தால், ஏன் அங்கே வைத்தார்கள் என்று தானாகவே தெரியும். அதைத் தாண்டிக் குதிப்பது பெரிய இழப்பு.

நான்காம் அத்தியாயம் டாக்டர் மன்ஹாட்டனுடையது. அவருக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. அதனால் ஆண்டுகள் முன்னும் பின்னும் பாயும். வரிசைப்படுத்த முயலாமல் ஒரே மூச்சில் படியுங்கள், இந்த ஒன்றை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள். ஐந்தாம் அத்தியாயத்தை முடித்ததும் மீண்டும் திறந்து, அட்டையை விட்டுவிட்டு முதல் பக்கத்தையும் 28-ஆம் பக்கத்தையும், பிறகு 2-ஆம் பக்கத்தையும் 27-ஆம் பக்கத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கட்ட அமைப்பு கண்ணாடிப் பிம்பம்போல் பொருந்தி வரும். நடுவில் 14, 15 பக்கங்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கும். படக்கதையில் பக்கம் என்பதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இதைவிடத் துணிச்சலான உதாரணம் சொல்வது கடினம்.

அத்தியாய முடிவில் வரும் உரைநடைப் பகுதிகள் பொடி எழுத்தில் இருக்கும், பலரும் புரட்டிவிடுவார்கள். முதல் மூன்று அத்தியாயங்களில் வரும் ஹாலிஸ் மேசனின் தன்வரலாறும் ஆறாம் அத்தியாயத்தின் மருத்துவக் கோப்பும் கட்டாயம். ஏழாம் அத்தியாயத்தில் ஆந்தைகளைப் பற்றிய கட்டுரையைப் பிறகு படிக்கலாம், கதைக்கு ஒன்றும் குறையாது. ஐந்தாம் அத்தியாயத்தில் கடற்கொள்ளையர் காமிக்ஸின் வரலாறு தேவையில்லாததுபோல் தோன்றும். ஆனால் அதில் வரும் ஓர் எழுத்தாளர் பெயர் எட்டாம் அத்தியாயத்தில் மறுபடி வரும்போது தெரிந்திருக்க வேண்டும்.

இது சிறுவர்களுக்கான நூல் அல்ல. இரண்டாம் அத்தியாயத்தில் பாலியல் வன்முறைக் காட்சி உண்டு, ஆறாம் அத்தியாயத்தில் ஒரு குழந்தைக்கு நேரும் கொடுமை மனதை விட்டு எளிதில் போகாது. அன்று அடுத்த அத்தியாயத்தைத் தொடாமல் விடுவது நல்லது.

முடித்த ஒரு வாரத்துக்குள் முதல் அத்தியாயத்தையும் மூன்றாம் அத்தியாயத்தையும் மீண்டும் படியுங்கள். பின்புலத்தில் கண்ணில் படாமல் கிடந்தவை இப்போது பெயரோடு தெரியும். கிளிங்கர் பதிப்புக்கும் இதுதான் வேளை. 2009-இல் வந்த திரைப்படம் உச்சக்கட்டத்தை மாற்றியிருப்பதால் நூலுக்குப் பிறகே பார்க்க வேண்டும். 2019-இன் எச்பிஓ தொடர் நூலின் முடிவுக்குப் பல ஆண்டுகள் கழித்து நடப்பது. நூலைப் படிக்காமல் அதற்குள் போனால் முடிவே வெளிப்பட்டுவிடும். 2012-இல் பிஃபோர் வாட்ச்மென் என்று வந்த முன்கதைகள் வேறு எழுத்தாளர்களுடையவை, மூருக்கு அதில் பங்கில்லை. அவற்றைப் படிக்காவிட்டாலும் இந்தப் பன்னிரண்டு அத்தியாயங்களில் எதுவும் குறைவதில்லை.